புதுப்பிப்பு: ஐந்து ஃபைக்கஸும் ஒரே தட்டில்

தனித்தனிச் சட்டியில் நின்ற ஐந்து ஃபைக்கஸ் (ஆல், அத்தி இனம்) போன்சாய்க் குறுமரக் கன்றுகளை ஒரே தட்டில் தோப்பாக எப்போது நடலாம் என்று தை மாதம் இங்கே கேட்டிருந்தேன். மழை விடட்டும், புதுத் துளிர் தெரியட்டும் என்றீர்கள். சரி, பங்குனியில் நட்டாயிற்று. குளிர்நாட்டுப் புத்தகம் நடச்சொல்லும் வசந்தம் திருகோணமலையில் ஏது! இரவிலும் வெக்கை, மரம் வளர்கிறது, அதுதான் கணக்கு. வேரில் மூன்றிலொரு பங்கை வெட்டி, தட்டின் துளைவழி கம்பி விட்டுக் கட்டினேன். உயரமானதை நடுவிலிருந்து சற்று விலக்கி வைத்தேன். சின்னது ஒன்று இலையெல்லாம் கொட்டிப் பயமுறுத்தியது. மூன்றாம் கிழமை துளிர்த்துவிட்டது.

இப்போது ஆனியில் நடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கச்சான் காற்று, அதாவது இப்போது வீசும் வறண்ட தென்மேற்குக் காற்று, வெட்டிய வேரைக் காயவைத்துவிடும். வேர் பிடித்த என் தட்டுக்கே நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் விடுகிறேன்.