மறு: ‘சோஷியல் நெட்வொர்க்கிங்’: வலை வேண்டாம், பின்னலாம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் கல்விப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கும்போது முட்டிக்கொண்டு நின்ற இரண்டு சொற்களைக் கேட்டு ஒரு சிறு மடல் போட்டேன். ‘எலக்ட்ரானிக் ரிசோர்ஸ்’ ஒன்று, ‘சோஷியல் நெட்வொர்க்கிங்’ இன்னொன்று. இருபதுக்கு மேல் பதில்கள் வந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினால் இழை திரிந்து கயிறாகிவிடும். அதனால் ஒரே மடலில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மின்னூல், மின்னஞ்சல் போல மின்வளம். இதில் என்ன சிக்கல்?

சிக்கல் அகராதியில் தெரியவில்லை ஐயா, விடைத்தாளில்தான் தெரிந்தது. நானும் முதலில் ‘மின்வளம்’ என்றே எழுதியிருந்தேன். மாதிரித் தேர்வில் ‘பள்ளியில் உள்ள மின்வளங்களை ஆசிரியர் எவ்வாறு பயன்படுத்தலாம்?’ என்று ஒரு கேள்வி. ஒரு பயிற்சி ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஆள் இல்லாத வகுப்பில் விசிறியை நிறுத்த வேண்டும், பகலில் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கூரையில் சூரியத் தகடு பதிக்கலாம். அழகான கையெழுத்து, கோவையான பத்திகள். அவர் மேல் தவறே இல்லை. மதிப்பெண் போட்டேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகு யோசித்தேன். ‘மின்’ என்ற முன்னொட்டு தனக்கென்று பொருள் வைத்துக்கொள்வதில்லை. பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்கிறது. நூல், அஞ்சல், இதழ் எல்லாம் எழுத்தைச் சுமப்பவை. அவற்றின் முன் ‘மின்’ வந்தால் கணினி நினைவுக்கு வருகிறது. விளக்கு, விசிறி, கட்டணம் முன்னால் வந்தால் மின்சாரம். ‘வளம்’ எந்தப் பக்கம்? நீர்வளம், நிலவளம், வனவளம் என்று நமக்குப் பழகிய வரிசையில் மின்வளம் போய் உட்கார்ந்தால் அது மின்சாரம்தான். காதை மாற்ற முடியாது, சொல்லைத்தான் மாற்ற வேண்டும்.

‘மின்னணு வளம்’ என்று ஒரு அசையை நீட்டினாலே பாதிக் குழப்பம் போய்விடுகிறது. நூலகத் துறையினருக்கு அது போதும். அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஆய்விதழ்த் தரவுத்தளம், சந்தா கட்டிப் படிக்கும் மின்னிதழ் போன்றவை. சந்தா முடிந்தால் வழியும் அடைபட்டுவிடும். வகுப்பறைக்காரருக்கு வேண்டியது வேறு. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையை விட்டு நகராது. அந்தக் கோப்பு அவருக்கு ஒரு கற்பித்தல் கருவி. அது மின்னணுவில் ஓடுகிறது என்பது இரண்டாம்பட்சம். ஆகவே என் நூலில் ‘கற்பித்தல் வளம்’ என்றே எழுதப்போகிறேன். காகிதத்திலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘மின்னணு’ சேரும். ‘டிஜிட்டல்’ என்பதற்கு ஈடாக ‘எண்ணிம வளம்’ என்று இலங்கை நண்பர்கள் சொன்னதும் எனக்கு உடன்பாடே. ஆனால் என் மாணவர்களில் பாதிப் பேர் அதை ‘எண்ணம்’ என்று படிக்கிறார்கள்.

அப்புறம் ஒரு கிளைக்கேள்வி.

> திறந்த கல்வி வளம் என்பதைத் திறந்த மின்வளம் என்று சுருக்கலாமே?

கூடாது. 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் அந்தப் பெயர் பிறந்தது. 2019இல் அதே அமைப்பு ஏற்றுக்கொண்ட பரிந்துரையில் வரையறை இருக்கிறது: கற்கவும் கற்பிக்கவும் ஆயவும் உதவும் பொருள் எந்த வடிவிலும் எந்த ஊடகத்திலும் இருக்கலாம் என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். பதிப்புரிமைக்கு உட்படாத பொதுச்சொத்தாகவோ, பிறர் எடுத்தாள விடும் திறந்த உரிமத்தோடோ இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அச்சடித்த பயிற்சித்தாளும் திறந்த கல்வி வளம் ஆகலாம். இணையத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் காணொளி அப்படி ஆகாமலும் போகலாம். திறந்த கல்வி பற்றி எழுதிவரும் டேவிட் வைலி ஐந்து உரிமைகளாகச் சொல்வார்: வைத்துக்கொள்ளலாம், மறுபடி பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு கலக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பார்ப்பது மட்டும் என்றால் ஐந்தில் ஒன்றுகூட முழுதாகத் தேறாது. ‘கட்டற்ற கல்வி வளம்’ என்று மென்பொருள் நண்பர்கள் கேட்டார்கள். நல்ல சொல்தான். ஆனால் ஆக்கியவர் பெயரைச் சொல்லு என்று உரிமம் ஒரு கட்டுப் போடுகிறதே? ‘திறந்த’ இருக்கட்டும். இதற்கு மேல் இதில் சண்டை வேண்டாம்.

இனி எனக்குத் தூக்கம் கெட்ட சொல்.

> சமூக வலைத்தளம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புதிதாக எதற்கு?

வலைத்தளம் என்பது இடம். நான் கேட்டது வினையை. கோவில் என்ற சொல் இருப்பதால் கும்பிடுவதற்குச் சொல் வேண்டாம் என்று விடமுடியுமா?

இந்த வேறுபாடு என் கற்பனை இல்லை. 2007இல் இணைய ஆய்வாளர்கள் டானா பாய்டும் நிக்கோல் எலிசனும் இத்தகைய தளங்களை வரையறுத்து எழுதிய கட்டுரையில், ‘நெட்வொர்க்கிங்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து ‘நெட்வொர்க்’ என்றார்கள். ‘-இங்’ சேர்ந்தால் புது உறவை, பெரும்பாலும் முன்பின் தெரியாதவரோடு, தொடங்குவது என்று பொருள்படும். இந்தத் தளங்களில் மக்கள் முக்கியமாகச் செய்வதோ ஏற்கெனவே தெரிந்தவர்களோடு பேசுவது என்பது அவர்கள் வாதம்.

சரி, பொதுமக்களுக்கு அது பொருந்தும். ஆசிரியருக்கு? அங்கேதான் கதை தலைகீழ். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அதே பயிற்சி, அதே பாடநூல், அதே ஓய்வறைப் பேச்சு. புதிய செய்தி தூரத்துப் பழக்கத்தின் வழியாகத்தான் வரும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே ‘நலிந்த இழைகளின் வலிமை’ என்று இதை எழுதிவிட்டார். ஆகவே பயிற்சி ஆசிரியர் முன்பின் தெரியாதவரைத் தேடிப் போய்த் தொடர்பு வைப்பதுதான் பாடத்தின் மையம். பாய்டும் எலிசனும் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த ‘-இங்’தான் எனக்கு வேண்டும்.

> வலை நம் சொத்து. மேலைநாட்டு ஆய்வாளரே மீனவர் நடுவில் இருந்துதான் இந்த உவமையை எடுத்தார். வலையமைத்தல் என்று வையுங்கள்.

ஐயா சொல்வது மானிடவியலாளர் ஜே. ஏ. பார்ன்ஸை என்று நினைக்கிறேன். நார்வேயில் பிரெம்னஸ் என்ற தீவுப் பகுதியில், மீன்பிடிப்பவர்கள் நடுவில் ஆய்ந்து 1954இல் எழுதியவர். சிறிய சமூகத்தில் வலைக்கண் சிறிது, நவீன சமூகத்தில் பெரிது என்றும் அவர் சொன்னதுண்டு. ஆனால் அவரே முதலில் ‘வெப்’ என்று வைத்திருந்துவிட்டுக் கைவிட்டவர். சிலந்திவலை மாதிரித் தட்டையாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று அவருக்குக் குறை. உவமை சறுக்கினால் அவரும் மாற்றிக்கொண்டார், நாமும் மாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் வலை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வலை விரித்தார், வலைவீசித் தேடினர், வலையில் விழுந்தாள், சதிவலை. எல்லாம் பிடிக்கத்தான். ஒருவர் பிடிப்பவர், இன்னொருவர் பிடிபடுபவர். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்கு இந்த உவமை ஆகுமா? போதாததற்கு ‘வலையமைத்தல்’ என்றதும் கம்பிச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியோடு வரும் ஆள்தான் எனக்குக் கண்முன் நிற்கிறார். ‘பிணையமாக்கல்’ இன்னும் மோசம். ‘நெட்வொர்க்’கைப் பிணையம் என்னும் கணினிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், பிணையம் என்றால் கடனுக்கு ஈடு என்றுதான் வெளியே பொருள்.

‘கூடிக்கற்றல்’ என்று ஒரு சகோதரி கொடுத்தது மிக அழகு. ஆனால் வகுப்பில் நால்வர் நால்வராக உட்கார வைத்து நடத்துவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ‘உறவாடல்’ பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பயிற்சி வகுப்பில் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், பின்வரிசையில் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

என் விருப்பம் ‘பின்னு’ என்ற வினையடி. ‘வலைப்பின்னல்’ என்று நம்மிடம் ஏற்கெனவே இருப்பதில் வலையைக் கழற்றிவிட்டுப் பின்னலை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பின்னுவதில் இழை எதுவும் பிடிபடுவதில்லை. ஒன்று மேலே போகும், அடுத்த சுற்றில் கீழே வரும். அப்புறம், ‘தொடர்புப் பின்னல்’ என்றால் பொருள், ‘தொடர்பு பின்னல்’ என்றால் செயல். கூடைப் பின்னல் ஒரு வடிவம், கூடை பின்னல் ஒரு வேலை, அதே மாதிரி. ஒரு ‘ப்’பில் பொருள் பெயராகவும் செயல் பெயராகவும் பிரிவதைக் கண்டதும் எனக்கு ஏக மகிழ்ச்சி. ஆனால் ஒற்றெழுத்தை நம்பிக் கலைச்சொல் வைக்கக்கூடாது. ‘வலைதளமா வலைத்தளமா’ என்றே இன்னும் முடிவு ஆகவில்லை. ஆகவே செயலுக்கு விகுதியை மாற்றிவிடுகிறேன்: தொடர்புப் பின்னல் பொருள், தொடர்பு பின்னுதல் செயல். ஆசிரியர் தன் கற்றலுக்காகப் பின்னி வைத்திருப்பது ‘கற்றல் பின்னல்’.

வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு உண்மை நிகழ்ச்சியை எழுதிப் பார்த்தேன். ஒரு பயிற்சி ஆசிரியர் இரவு பத்து மணிக்கு ஒரு கணித ஆசிரியர் வாட்ஸப் குழுவில் கேட்டார்: ‘பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்? நாளைக்குப் பாடம், எனக்கே தெரியாது.’ அவர் கல்லூரியில் யாரிடமும் இதைக் கேட்டிருக்க மாட்டார், வெட்கம். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார்: ‘3 மீட்டர் கயிறு. அரை மீட்டர் துண்டு எத்தனை வரும்?’ ஆறு. ‘ஒரு மீட்டரில் இரண்டு, அப்போது மூன்று மீட்டரில் மூன்றிரண்டு. இரண்டால் பெருக்கினீர்கள், இல்லையா?’ கொஞ்ச நேரத்தில் மூன்றாமவர் கயிற்றை ஆறு துண்டாக வெட்டித் தரையில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டார். நான்காமவர், கால் மீட்டர் துண்டுகளை வைத்து ஒரு கேள்வித்தாள் போட்டார். மறுநாள் அந்தப் படம் வகுப்பில் காட்டப்பட்டது. அதாவது தொடர்பு பின்னியதில் ஒரு கற்பித்தல் வளம் விளைந்தது. நான் இரண்டு அத்தியாயமாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு சொற்களும் இங்கே ஒரே இரவில் சேர்ந்துவிட்டன. மொழிபெயர்க்கும்போது உறைத்தது இதுதான்: வளத்தைப் பண்டம் போலவும் வலையைக் கடை போலவும் காட்டும் சொற்களை வைத்தால், பண்டத்தைப் போய் எடுத்து வருபவராகத்தான் ஆசிரியர் தெரிவார்.

அன்று அந்தக் குழுவில் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ‘மௌன வாசகர்’ என்று ஒருவரும் ‘ஒளிந்திருப்போர்’ என்று ஒருவரும் பெயர் கொடுத்தீர்கள். இரண்டிலும் ஒரு குத்தல் இருக்கிறது. கற்றல் பற்றி ஆய்ந்த ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991இல் எழுதிய நூலில் மேற்கு ஆப்பிரிக்கத் தையற்காரர்களைக் காட்டுவார்கள். வேலை பழக வருபவர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பித்தான் தைப்பார், ஓரம் மடிப்பார், முடிந்த உடையை இஸ்திரி போடுவார். அந்த மடிப்புகளைத் தொட்டுத் தொட்டே உடை எப்படிச் சேர்கிறது என்பது பிடிபட்டுவிடும். வெட்டுவது கடைசி. ஓரத்தில் இருப்பதும் முறையான பங்கேற்புதான் என்பது அவர்கள் கருத்து. ‘ஓரப் பங்கேற்பு’ என்று வைத்திருக்கிறேன். கற்பித்தல் பயிற்சியிலும் முதல் வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதுதானே? யாரும் அவரை ஒளிந்திருப்பவர் என்று சொல்வதில்லை.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். ‘சதி பின்னுவதும் பின்னுதல்தானே’ என்பார்கள். குற்றம் சதியின் மேல். ‘பின்னிட்டான்’ என்றால் வெளுத்து வாங்கினான் என்று பொருள் அல்லவா என்று என் மகனே கேட்டான். ஆசிரியர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள் என்று சொல்லிவிட்டேன். ‘பின்னூட்டம்’ பக்கத்தில் வந்தால் குழம்பும் என்பது மட்டும் கொஞ்சம் நியாயம். அது ‘பின்’, இது ‘பின்னு’. ஒரே பத்தியில் இரண்டும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

நூல் திங்கட்கிழமை மெய்ப்புக்குப் போகிறது. ‘தொடர்பு பின்னுதல்’ இடறுகிற வாக்கியம் ஏதாவது உங்கள் கையில் இருந்தால் அதற்குள் அனுப்புங்கள். வேறு சொல் வேண்டாம், வாக்கியமாக அனுப்புங்கள். ஆறாம் அத்தியாயத் தலைப்பை இன்னும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பாடநூல்காரன்