முதன்முதலில் நீங்களே பூட்டிய கணினி: எந்த ஓஎஸ் போட்டீர்கள், என்ன நடந்தது?

ஈசூன் மாமா:

அக்கா மகன் தேசிய சேவை முடித்து வந்திருக்கிறான். சேர்த்து வைத்த காசில் சொந்தமாகக் கணினி பூட்டுவதுதான் இப்போது அவனுக்கு முழுநேர வேலை. சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் மேல்மாடிக் கடைகளில் கொடுக்கும் விலைப்பட்டியல் தாள்கள் வீடெல்லாம் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம். சிபியு முடிவாகிவிட்டது, கிராஃபிக்ஸ் கார்டு முடிவாகிவிட்டது, கேஸுக்குள் எரிகிற விளக்கின் நிறம்கூட முடிவாகிவிட்டது. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓஎஸ் எது என்று கேட்டால், "அதைக் கடைசியில பார்த்துக்கலாம் மாமா" என்கிறான்.

கடைசியில் பார்க்கிற விஷயமா அது? அந்தக் கணினியில் என்னென்ன ஓட வேண்டும் என்று முதலில் எழுதி வைத்தால் ஓஎஸ் தானாக முடிவாகும். ஓஎஸ் முடிவானால் வாங்க வேண்டிய சாமானில் பாதி முடிவாகும். இது என் கட்சி. நான் சொன்னால் அவன் கேட்பதாக இல்லை, நாலு பேர் சொன்னால் கேட்பான். எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். பூட்டி, ஸ்விட்சைப் போட்ட பிறகு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போட்டது விண்டோஸ் 11. வேலைக்கு வேண்டிய கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடும், வேறு யோசனைக்கே இடமில்லை. இன்ஸ்டாலரை 8 ஜிபி பென்டிரைவில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் சீராகப் போய், இணையத்தோடு இணைக்கச் சொல்லும் திரையில் வந்து நின்றது. வைஃபை பட்டியல் காலி. மதர்போர்டில் இருந்த வைஃபை சில்லு இன்ஸ்டாலருக்குத் தெரியாத அளவுக்குப் புதுசு. ஹோம் பதிப்போ இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. சில்லை ஓஎஸ்ஸுக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளான டிரைவரை இறக்கலாம் என்றால் அதற்கும் இணையம் வேண்டும். மதர்போர்டுப் பெட்டியில் டிரைவர் வட்டு ஒன்று கிடந்தது, ஆனால் இந்தக் காலத்துக் கேஸில் வட்டைச் செருக ஓட்டை ஏது? கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங்கை ஆன் செய்தேன். உடனே பிடித்துக்கொண்டது. உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டே வைஃபை டிரைவரைத் தேடிக் கொண்டுவந்து போட்டது. கேபிள் இணையம் மேசை வரை வரும் வீடு என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

தெம்பனிஸ் ஆட்டக்காரன்:

மாமா, உங்கள் மருமகன் என்ன விளையாடுவான் என்று சொல்லவே இல்லையே. முதல் கேள்வியே அதுதான்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் ஓஎஸ்ஸில் விளையாட்டு ஓடாது என்பது பழைய கதை. 2018இல் வால்வ் நிறுவனம் புரோட்டானை வெளியிட்ட பிறகு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ள விண்டோஸ் விளையாட்டுகளில் ஏகப்பட்டவை லினக்ஸிலும் ஓடுகின்றன. ஸ்டீம் டெக் கருவிக்குள் இருப்பதே லினக்ஸ்தான். தனியாக உட்கார்ந்து கதை விளையாட்டு விளையாடுபவனுக்கு அது தாராளம். நான் வேலரண்ட் ஆள். ராத்திரி பத்து மணிக்குக் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்தால்தான் எங்களுக்குப் பொழுது போகும். வேலரண்டின் காவல்காரனான வேன்கார்டு, ஓஎஸ்ஸின் உள்மையமான கெர்னல் மட்டத்தில் உட்கார்ந்து ஏமாற்றுபவர்களைப் பிடிக்கிறது. லினக்ஸுக்கு அது இல்லை, வருகிற மாதிரியும் தெரியவில்லை. ஃபோர்ட்நைட்டும் இப்படித்தான். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கொஞ்ச காலம் லினக்ஸில் ஓடியது, 2024இன் கடைசியில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். அப்படியானால் எனக்கு விண்டோஸ்தானே? பேச்சு முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று காத்திருந்தது. விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியை எழுப்பும் செக்யூர் பூட் இரண்டும் இயங்கினால்தான் வேன்கார்டு உள்ளே விடும். என் போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறை ஆன் ஆகியிருந்தது. அது இருக்கும்வரை செக்யூர் பூட் வராது. கணினி உயிர் பெறும்போதே டெலீட் கீயைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். பிறகு ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி என்று டிபிஎம் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதை ஆன் செய்ய வேண்டும். விண்டோஸ் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பழைய எம்பிஆர் முறையில் வட்டைப் பிரித்து விண்டோஸைப் போட்டுவிட்டு அப்புறம் சிஎஸ்எம்மை அணைத்தால், விண்டோஸ் எழும்பவே எழும்பாது.

பொங்கோல் அம்மா:

வணக்கம். ஃபிரேம் ரேட் எல்லாம் எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டுக் கதை வேறு.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த குரோம்புக் இருக்கிறது. அந்தச் சின்னத் திரையில் நாள் முழுக்கக் குனிந்து கிடக்கிறாளே என்று, ஜூன் விடுமுறையில் நானும் அவளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு கணினி பூட்டினோம். யாருக்கு என்ன தேவை என்று ஈசூன் மாமா சொன்ன மாதிரியே எழுதிப் பார்த்தோம். அவளுக்குப் பள்ளிப் பாடத் தளமான எஸ்எல்எஸ், கூகள் கிளாஸ்ரூம். எனக்கு வங்கி, அரசுச் சேவைகளில் நுழையும் சிங்பாஸ், மத்திய சேமநிதிக் கணக்கு. அவருக்கு யூடியூப். எல்லாமே பிரவுசரில் ஓடுவதுதான். இதற்கு விண்டோஸுக்குக் காசு கொடுப்பானேன்? இலவச லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். அதற்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது, வட்டில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிந்ததுதான். ஒரு மாலை முழுக்க அப்படியே ஓட்டினோம். வைஃபை வருகிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிரிண்டரை அதுவே கண்டுபிடித்துவிட்டது. விண்டோஸில் அதற்கென்று தனியாக மென்பொருள் போட்ட ஞாபகம் எனக்கு.

மல்லுக்கட்டியது கிராஃபிக்ஸ் கார்டோடு. பழைய பொருள் விற்கும் கேரசெல் தளத்தில் வாங்கிய என்விடியா கார்டு. மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பட்டனை அழுத்தினால் டிரைவர் வந்துவிடும். ஆனால் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் இடையில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுபடி ஆன் ஆகும்போது நீல நிறத் திரை ஒன்று வந்து அதே கடவுச்சொல்லைக் கேட்கும். திரையைப் பார்த்ததும், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று மகள் பயந்துவிட்டாள். கெடவில்லை, டிரைவருக்கு நாம் ஒப்புதல் கொடுக்கிற இடம் அது. அதைத் தாண்டி விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது. நான் கடவுச்சொல்லைக் கோயில் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தோம்.

தமிழ்ப் பாடத் தாள்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் வேர்டில் தயாரித்து அனுப்புவார். நிர்மலா, லதா போன்ற எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, மின்ட்டில் கிடையா. வேர்டுக்குப் பதிலாக மின்ட்டில் உள்ள லிப்ரே ஆபிஸ் வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். எழுத்து தெளிவாகத்தான் தெரியும், ஆனால் அகலம் மாறுவதால் வரிகள் நகரும். ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய கருத்தறிதல் பயிற்சி அடுத்த பக்கத்துக்கு ஓடும், விடை எழுதும் கோடுகள் கேள்வியை விட்டுப் பிரிந்து கிடக்கும். ஆசிரியரிடம் கேட்டோம், இப்போது பிடிஎஃப் ஆகவே அனுப்புகிறார். தட்டச்சில் குறையில்லை. ஐபஸ் என்ற தட்டச்சு அமைப்பில் தமிழைச் சேர்த்ததும் மகள் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுகிறாள், நான் ஆங்கில எழுத்தை வைத்து ஒலிப்படி தட்டுகிறேன்.

கிளமெண்டி மாணவன்:

மேக்ஓஎஸ் போடுவது பற்றி யாருமே பேசவில்லையே? ஆப்பிள் அல்லாத கணினியில் அதைப் போடுகிற ஹாக்கிண்டோஷ் செய்து பார்த்தவர்கள் யாராவது?

தேக்கா தாத்தா:

தம்பி, அந்தப் பக்கம் போகாதே. ஆப்பிள் தயாரித்த கணினியில்தான் போடலாம் என்று அவர்கள் உரிமத்திலேயே இருக்கிறது. போதாததற்கு, இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள். அதற்கு மேல் வருவதெல்லாம் ஆப்பிளின் சொந்தச் சில்லுக்கு மட்டும்தான்.

பொங்கோல் அம்மா தமிழைப் பற்றிச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கே தமிழிணையம் மாநாடு நடத்திய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. இவர் கணினியில் அடித்தது அவர் கணினியில் கோழிக் கிறுக்கல். 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வந்தது, பிறகு யூனிகோட் பரவியது. இன்றைக்கு விண்டோஸ், லினக்ஸ் எதிலும் தமிழ் கூடவே வருகிறது. தமிழுக்காக ஓஎஸ்ஸைத் தேட வேண்டிய காலம் போய்விட்டது.

நான் பல வருஷம் கணினி ரிப்பேர் பார்த்தவன். என்னிடம் வந்த தொல்லைகளில் பாதி, உரிம எண்ணான ஓஎஸ் சாவி சம்பந்தப்பட்டவை. கடையில் சாமான் வாங்கி முடித்ததும் "விண்டோஸும் போட்டுத் தரவா?" என்று கேட்பார்கள். சரி என்று தலையாட்டும் முன், எந்த வகை உரிமம் என்று கேளுங்கள். ஓஇஎம் என்றால் விலை குறைவு, ஆனால் அது முதலில் ஏறிய மதர்போர்டோடு ஒட்டிக்கொள்ளும். போர்டு போனால் உரிமமும் போகும். ரீட்டெயில் என்றால் விலை கூட, ஆனால் பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம். சொந்தமாகப் பூட்டுகிறவன் சாமான் மாற்றாமல் இருக்க மாட்டான். அதனால் காசு கொடுப்பதென்றால் ரீட்டெயில்தான் வாங்குவேன்.

இணையத்தில் இருபது வெள்ளிக்கும் குறைவாக விற்கிறார்களே, அந்தச் சாவிகளைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரு பையன் அப்படி வாங்கிப் போட்டான். நன்றாகத்தான் ஏற்றுக்கொண்டது. சில மாதம் கழித்து ஒருநாள் திரையின் வலது கீழ் மூலையில், விண்டோஸைச் செயல்படுத்து என்று மங்கலாக ஒரு வாசகம். எங்கேயோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த சாவியைச் சில்லறையாக விற்றிருக்கிறார்கள். விற்றவர் கணக்கையே காணோம், யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வாசகம் வந்தால் உலகம் முடிந்துவிடாது. வால்பேப்பர், நிறம் மாற்ற விடாது, மற்றபடி ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். முதல் மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கிறவன் அப்படியே ஓட்டிவிட்டுப் பிறகு நல்ல சாவி வாங்கலாம். வீட்டில் விண்டோஸ் 10 ரீட்டெயில் சாவி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள், 11க்கும் அது செல்லும். 7, 8 சாவிகளும் அப்படிச் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

ஜூரோங் பொறியாளர்:

இரண்டும் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். எனக்கு வேலைக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள், அது விண்டோஸில் மட்டும். என் சொந்தக் கிறுக்குகளுக்கு உபுண்டு என்ற லினக்ஸ். அதனால் ஓஎஸ்ஸுக்கு ஒன்றாக இரண்டு எஸ்எஸ்டி சேமிப்பு வட்டு.

மாமா சொன்ன "ஓஎஸ் முடிவானால் சாமான் முடிவாகும்" என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். பல போர்டுகளில் எஸ்எஸ்டியைச் செருகும் இரண்டாவது எம்.2 இடம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இரண்டு ஓஎஸ் என்று முன்பே தெரிந்ததால் கார்டைப் பூட்டும் முன்பே இரண்டு எஸ்எஸ்டியையும் வைத்தேன். அப்புறம் வைக்கிறவர் கார்டைக் கழற்றி, அதற்குக் கார்டைப் பிடித்திருக்கும் கிளிப்பை விரலால் எட்டி அழுத்தி, நகம் உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். லினக்ஸ் போடும்போது விண்டோஸ் எஸ்எஸ்டியைப் பயாஸில் அணைத்து வைத்துவிட்டால் ஒன்றின் பூட் கோப்பில் மற்றது கை வைக்காது.

மறுநாள் காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் மணி இரவு இரண்டு என்கிறது. பிரவுசரில் சில தளங்கள், பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று திறக்க மறுக்கின்றன. மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டதோ என்று முதலில் தோன்றும். அது இல்லை. போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. நமக்கும் அதற்கும் சரியாக எட்டு மணி நேரம். லண்டன்காரனுக்குக் குளிர்காலத்தில் இது தெரியவே தெரியாது, நமக்கு வருஷம் முழுக்கத் தெரியும். நீயும் உள்ளூர் நேரத்தையே வை என்று லினக்ஸிடம் சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும்.

வட்டைக் குறியாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டைத் தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்துவிடும். பிறகு நீங்கள் லினக்ஸுக்காகச் செக்யூர் பூட்டைத் தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு பயாஸில் கை வையுங்கள்.

சந்தைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத கிராஃபிக்ஸ் கார்டை வாங்குகிற ஆசை இருந்தால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ், மின்ட் இரண்டும் சில சமயம் விழிக்கும். அவற்றின் கெர்னல் பழையதாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும் ஃபெடோரா என்ற லினக்ஸ் அங்கே கை கொடுக்கும்.

பிடோக் புதியவன்:

எல்லாரும் புதுச் சாமான் பற்றியே பேசுகிறீர்கள். அலுவலகத்தில் கழித்துப்போட்ட கணினி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, இன்டெல் ஐ5, ஏழாம் தலைமுறை. அதன் போர்டையும் சிபியுவையும் எடுத்து வேறு கேஸில் பூட்டலாம் என்று எண்ணம். விண்டோஸ் 10 இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

தேக்கா தாத்தா:

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது தம்பி. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அவ்வளவுதான். 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை. பிரவுசரும் எழுத்து வேலையும்தான் என்றால் மின்ட் போட்டுவிடு, ஓடும்.

ஆனால் வாங்கும் முன் கேஸைத் திறந்து காட்டச் சொல். பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் போர்டும் பவர் சப்ளை இணைப்பும் அவர்கள் சொந்த அளவில் இருக்கும், வேறு கேஸில் உட்காராது. போர்டில் பவர் கேபிள் செருகும் இடத்தைப் படமெடுத்து இங்கே போடு, 24 முனை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.