'லைனர்' தமிழில் எப்படி? அவசரம்

நண்பர்களே,
குனார்ட் கப்பல் நிறுவனத்தின் வரலாற்றை மாணவர் கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. 'லைனர்', அதாவது குறித்த நாளில் குறித்த வழியில் ஓடும் கப்பல், என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். நாளிதழ்கள் 'சொகுசுக் கப்பல்' என்கின்றன. 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலில் கிளம்பி ஹாலிஃபாக்ஸ் வழியாக பாஸ்டன் போன 'பிரிட்டானியா'வில் 115 பேருக்குத்தான் இடம். பாலுக்காக ஒரு பசுவையும் ஏற்றிக்கொண்டார்கள். இதில் சொகுசு எங்கே? சாமுவேல் குனார்டுக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் அரசின் தபால் ஒப்பந்தம். ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் குறித்த நாளில் கிளம்பியாக வேண்டும். அதனால் 'தவணைக் கப்பல்' என்று வைக்கலாமா?
– ப.

ஐயா, கப்பலை மாதத் தவணையில் வாங்கினார்கள் என்று என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். லைனர் என்றே போடுங்கள். பஸ்ஸும் காரும் ஓடவில்லையா?
– செ.

'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று, காற்றை ஏவல் கொண்டு கப்பல் ஓட்டியவனைப் புறநானூறு பாடிய மொழியில் கப்பலுக்குப் பெயர்ப் பஞ்சமா! வங்கம், நாவாய், அம்பி, திமில், கலம்... என் பரிந்துரை 'வரைகலம்'. வரைதல், எல்லை குறித்தல். வரைந்த, வரைகின்ற, வரையும் கலம். முக்காலமும் தொக்க வினைத்தொகை. நாவாயை வடமொழி 'நௌ'விலிருந்து வந்தது என்பாருக்கும் என்னிடம் விடை உண்டு. நா போல் நீண்ட...
– புலவர் க.

புலவரே, நாவாய்ச் சண்டையைப் போன வருடமே போட்டு முடித்தோம். 'வரைகலம்' அச்சில் 'வரைகலை' ஆகிவிடும், அப்புறம் குனார்டு படம் வரையும் கம்பெனி.
– செ.

'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை', பெண்ணுக்குக் கடற்பயணம் இல்லை என்று தொல்காப்பியத்தை யாராவது ஆரம்பிப்பதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். சொல்லில் 'நீராவி' வேண்டாம்: 1818 ஜனவரி 5 அன்று நியூயார்க்கில் பனி கொட்டக் கொட்ட, சொன்ன நாளில் கிளம்பிய பிளாக் பால் நிறுவனத்தின் லைனர் பாய்மரக் கப்பல்தான். 'பயணி'யும் வேண்டாம்: 1982 ஃபாக்லாந்து போரில் ஏவுகணை பட்டு மூழ்கிய 'அட்லாண்டிக் கன்வேயர்' குனார்டின் சரக்குக் கப்பல். 'முறைவழிக் கப்பல்' எப்படி?
– ம.

அம்மா சொல்வது சரி. உல்லாசக் கப்பலிலிருந்தும் இது பிரிந்து நிற்கிறது. குனார்டின் 'குயின் மேரி 2' இன்றும் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடுவதை எழுத வேறு வழியும் இல்லை. மூவர் ஆதரவு, போட்டுவிடுகிறேன். முதல் தடவை மட்டும் பக்கத்தில் லைனர் என்றும் இருக்கும்.
– ப.

அப்படியானால் மற்றதெல்லாம் முறைகேட்டுக் கப்பலா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். வரைகலமே.
– புலவர் க.

மற்றது, சரக்கு கிடைக்கும் துறைமுகத்துக்கெல்லாம் போவது, 'நாடோடிக் கப்பல்'. அதற்கு ஒருவரும் சண்டை போடவில்லை, கவனித்தீர்களா?
– ம.