மேற்கு வாசல்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

[இரவு 9.12] நிலா: வுதரிங் ஹைட்ஸ் நாவலை முடித்துவிட்டேன். மனசே சரியில்லை. ஹீத்கிளிஃப் செய்ததை எல்லாம் எப்படிக் காதல் என்கிறார்கள்? கேத்தரின் செத்த பிறகு 18 வருடம், அவளுடைய அண்ணன் மகன், அவள் பெற்ற மகள், தான் பெற்ற மகன் என்று ஒருவரையும் விடாமல் வதைக்கிறான்.

[9.15] அகிலன்: சின்ன வயதில் அவனைக் கேத்தரின் வீட்டில் வேலைக்காரனாக்கி அவமானப்படுத்தினார்களே, அதையும் பார்க்க வேண்டாமா?

[9.17] நிலா: பார்த்தேன் அண்ணா. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. ஒரு நாள் ராத்திரி கேத்தரின் பேசுவது அவன் காதில் விழுகிறது. அவனைக் கட்டிக்கொண்டால் தனக்குத் தாழ்வு என்று சொல்வதுவரை கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். தானும் அவனும் வேறில்லை என்று அவள் சொல்வது அதற்குப் பிறகுதான். இன்னும் ஒரு நிமிடம் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாதா!

[9.21] சித்தப்பா: சிலப்பதிகாரத்தில் கோவலனும் அப்படித்தானே போனான்? கடற்கரையில் மாதவி பாடியதைக் கேட்டு, இவள் மனசில் வேறு யாரோ இருக்கிறான் என்று எழுந்து போனவன்.

[9.26] பெரியம்மா: ஆமாம் தம்பி. அவள் எழுதிய முதல் கடிதத்தை வாங்க மறுத்துவிட்டான். இரண்டாவது கடிதம் மதுரைக்குப் போகிற வழியில் கௌசிகன் என்ற அந்தணன் கையில் வந்து சேர்ந்தது. படித்ததும் தவறு தன்னுடையது என்று புரிந்துகொண்டான். ஆனால் அந்த ஓலையையே தன் தாய் தந்தையிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினான். அவள் மன்னிப்புக் கேட்டு எழுதிய வார்த்தைகள், அவன் அவர்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்புக்கும் பொருந்தின. மாதவிக்கென்று ஒரு வரி எழுதவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

[9.29] நிலா: கண்ணகி செய்ததும் பழிதானே பெரியம்மா? அவளைக் கும்பிடுகிறோம், ஹீத்கிளிஃபை அரக்கன் என்கிறோம்.

[9.36] சித்தப்பா: கண்ணகி தீயிடம் சொல்லி அனுப்பினாள் நிலா. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்று. எனக்குக் 'குழந்தைகள்' என்ற அந்த ஒரு சொல் முக்கியம். மாண்டி கிறிஸ்டோ கதையில் டான்டெஸ் 14 வருடம் சிறையில் கிடந்தவன். நியாயம் முழுக்க அவன் பக்கம். ஆனால் எதிரியின் வீட்டில் ஒரு சிறுவன் பிணமாகக் கிடப்பதைப் பார்த்ததும், தனக்குப் பழிவாங்கும் உரிமை உண்டா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. தொழிலில் என்னை ஒருவர் ஏமாற்றினார். அவர் விழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். அவருக்கும் ஒரு சின்னப் பையன் இருந்தான். அப்புறம் என்னால் அப்படி வேண்டிக்கொள்ள முடியவில்லை.

[9.38] அகிலன்: இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லை சித்தப்பா.

[9.52] பெரியம்மா: நிலா, ஊர் எரிந்த பிறகு கண்ணகி என்ன ஆனாள் என்று பார். கொற்றவை கோயில் வாசலில் வளையல்களை உடைத்துவிட்டுச் சொல்கிறாள்:

கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன்
மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு

அரசன் செத்தாயிற்று, ஊர் எரிந்தாயிற்று. கிழக்கு வாசலில் கூட வந்தவன் மேற்கு வாசலில் இல்லை. பிறகு பள்ளம் மேடு பாராமல் வையைக் கரையோடு நடக்கிறாள். மலையேறி வேங்கை மர நிழலில் நிற்கிறாள். 14 நாள் கழித்துத்தான் கோவலன் வருகிறான், வானுலகிலிருந்து.

[9.58] பெரியம்மா: உங்கள் பெரியப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அன்று முன்வாசலில் இறங்கினோம். படியேறும்போது, செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்றார். ஒன்பது நாள் கழித்து என்னைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்தார்கள். இரண்டு கையிலும் பை. அவருடைய கண்ணாடி, துண்டு, மிச்ச மாத்திரை. வகுப்பில் வறியேன் என்றால் ஏழை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அன்றைக்குக் கை நிறையச் சாமானோடு நின்று அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

[10.06] சித்தப்பா: அண்ணி.

[10.07] சித்தப்பா: அந்தப் பையை நான் வாங்கப் பார்த்தேன். நீங்கள் விடவே இல்லை.

[10.31] நிலா: பெரியம்மா, நேற்று நான் வேகமாகத் தாண்டிவிட்ட ஒரு பக்கத்தை இப்போது எடுத்துப் படித்தேன். ஹீத்கிளிஃப் படிப்பறிவே இல்லாமல் வளர்த்த ஹேர்ட்டனுக்கு, கேத்தரினின் மகள் படிக்கச் சொல்லித்தருகிறாள். ஹீத்கிளிஃப் உள்ளே வந்ததும் இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இருவருக்கும் கேத்தரினின் கண்கள். அதற்குப் பிறகு அவனுக்குக் கை ஓங்கவே மனசு வரவில்லை. அவள் நினைப்பு மட்டும்தான் மிச்சம். சாப்பாடுகூட இறங்கவில்லை.

[10.38] பெரியம்மா: கண்ணகியும் பழியை அப்படித்தான் இறக்கிவைத்தாள். வாழ்த்துக் காதையில் தெய்வமாக வந்து நின்று பாண்டியனைத் 'தீதிலன்' என்கிறாள். 'நான் அவன்தன் மகள்' என்கிறாள். யார் சொல்லியும் அல்ல, அவளாகவே.

[11.47] பெரியம்மா: தூக்கம் வரவில்லை. குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்று, 28ஆவது, ஐந்தே வரி. முட்டுவேனா, தாக்குவேனா, ஆ என்று கூவுவேனா என்கிறாள் ஒருத்தி. அவளுக்கு எதிரி யாருமில்லை. பிரிந்தவன் நினைப்பில் அவள் தவிக்கிறபோது ஊர் முழுக்கத் தூங்குகிறது, அவ்வளவுதான் கோபம். அந்தக் கோபம் எனக்கும் சில ராத்திரிகளில் வந்திருக்கிறது.

[11.48] நிலா: நான் தூங்கவில்லை பெரியம்மா.

[11.48] அகிலன்: நானும்.

[11.50] சித்தப்பா: விழித்துத்தான் இருக்கிறேன் அண்ணி. கூப்பிடட்டுமா?