எழுதினால் மனம் லேசாகுமா? எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. அவர் பால் கணக்கு எழுதி வைத்த நோட்டில் பாதிக்கு மேல் வெறும் பக்கங்கள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நடந்ததை அதில்தான் போன வாரம் எழுத ஆரம்பித்தேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வைப் பற்றிப் படித்ததுதான் காரணம். மனதை வாட்டிய அனுபவத்தை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் மாணவர்களை எழுத வைத்திருக்கிறார். நடந்ததோடு, அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் வைத்தியத்துக்குப் போனது குறைந்ததாம். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்துத்தான் இருந்திருக்கிறது.

எனக்கும் அப்படித்தான். மூன்றாம் நாள், "இன்னும் கொஞ்சம் தண்ணி குடு" என்று அம்மா கேட்டதை எழுதும்போது பேனா நகரவில்லை. அன்று இரவு தூக்கமும் இல்லை. அப்புறம் நோட்டைத் திறக்கவே இல்லை.

உங்களுக்கு அந்தக் கனம் எத்தனை நாளில் இறங்கியது? விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, இல்லை கொஞ்ச நாள் ஆறப்போட்டு, அம்மாவோடு சிரித்த நாட்களை முதலில் எழுதலாமா? மனநல ஆலோசகர்கள் யாராவது இங்கே இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். அப்பா அந்த நோட்டைப் படித்துவிடுவாரோ என்ற பயம் வேறு இருக்கிறது.