பெரியப்பா போனை யாரும் ரீசெட் செய்ய வேண்டாம்

குரூப்: இருக்கன்குடி காதுகுத்து

செல்வி அக்கா: அப்பா போன் ஆன் ஆகவில்லை. சாம்சங் என்று எழுத்து வருகிறது, ஒரு அதிர்வு, அணைகிறது, மறுபடி எழுத்து. ராத்திரி முழுக்க இப்படியே ஓடிப் போன் சுடுகிறது. யாரும் அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள்

லதா அத்தை: ஐயோ, ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டா

முருகேசன் மாமா: பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கொடு. சாஃப்ட்வேர் அடித்துத் தருவார்கள்

செல்வி அக்கா: கேட்டாச்சு மாமா. அடிக்கலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றார்

பிரபு: அக்கா கொடுக்காதே!! போன் இப்போது யார் கையில்?

செல்வி அக்கா: என் கையில்தான்

பெரியம்மா: நான் பெரியப்பா, இவள் போனிலிருந்து எழுதுகிறேன். அந்தப் போனில் மொய் நோட்டு படம் இருக்கிறது. நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. செல்வி கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்று அதில்தான் பார்க்க வேண்டும்

முருகேசன் மாமா: எங்கள் வீட்டில் முக்கால் பவுன் மோதிரம். இதற்குப் படம் எதற்கு

பெரியம்மா: அரைப் பவுன்

முருகேசன் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: நான் பார்த்துவிட்டேன்

லதா அத்தை: ஏங்க, சும்மா இருங்க

பிரபு: எல்லோரும் இதைப் படியுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்தால், அதாவது போனை மொத்தமாகத் துடைத்தால், படம் திரும்ப வராது. மெமரி சிப்பைக் கழற்றினாலும் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து, அதாவது 2019-லிருந்து, புதிதாக வருகிற போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ட் ஆகி, அதாவது சாவி போட்டுப் பூட்டியதுபோல, இருக்கும். ரீசெட் செய்தால் அதைத் திறக்கிற சாவியும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் அது கடைசி வழி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது

பிரபு: அக்கா, முதலில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கிற பட்டனையும் சேர்த்துப் பத்து செகண்டாவது அழுத்து

செல்வி அக்கா: அழுத்தினேன். மறுபடி அதே எழுத்து

பிரபு: சரி. அப்படியென்றால் ரிக்கவரிக்கு, அதாவது போன் கிளம்பாதபோது சரிசெய்கிற மெனுவுக்கு, போக வேண்டும். போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து வைத்துக்கொள். மறுபடி அதே இரண்டு பட்டன். திரை கறுத்ததும் உடனே மாற்றிப் பிடி, பவரும் வால்யூம் கூட்டுகிற பட்டனும். இப்போது வருகிற சாம்சங்கில் கேபிள் சொருகாமல் அந்த மெனு வராது. வந்தால் விரலால் தொட்டு வேலை செய்யாது, வால்யூம் பட்டனால் கீழே இறங்கி, பவர் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டும். வைப் கேஷ் பார்ட்டிஷன் என்று ஒரு வரி இருக்கும், அது மட்டும். அதில் தற்காலிக ஃபைல்கள்தான் போகும், படம் எதுவும் அழியாது. அதற்கு மேலேயே வைப் டேட்டா ஃபேக்டரி ரீசெட் என்று இன்னொரு வரி இருக்கும். அதைத் தொடவே கூடாது. இரண்டும் வைப் என்றுதான் ஆரம்பிக்கும், முழுசாகப் படித்துவிட்டு அழுத்து

சித்தி: கறி எத்தனை கிலோ சொல்லியிருக்கிறீர்கள் லதா

லதா அத்தை: முப்பது

சித்தி: பத்தாது

முருகேசன் மாமா: போன தடவை மிஞ்சிக் கிடந்தது

செல்வி அக்கா: வீட்டில் லேப்டாப் இல்லையே பிரபு

கார்த்தி: என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் வருகிறேன்

பிரபு: விண்டோஸ்தானே? ஓடின் விண்டோஸில்தான் ஓடும்

கார்த்தி: ஆமாண்ணே. ஓடின் எதற்கு

பிரபு: கேஷ் அழித்தும் கிளம்பவில்லை என்றால் ஆண்ட்ராய்டையே மறுபடி ஏற்ற வேண்டும், ஓடின்தான் அதற்கான மென்பொருள். அக்கா, போன் டப்பாவில் மாடல் நம்பர் பார்

செல்வி அக்கா: எஸ்எம்-ஏ125எஃப்

பிரபு: ஏ12. சரி, அதற்கான இந்திய ஃபர்ம்வேரை, அதாவது போனில் ஏற்ற வேண்டிய ஆண்ட்ராய்டு ஃபைல்களை, நானே இறக்கிக்கொண்டு வருகிறேன், பல ஜிபி. ஏற்கெனவே போனில் இருப்பதைவிடப் பழையதைப் போட்டால் ஏறாமல் போகலாம், அதையும் பார்த்து எடுக்கிறேன். கார்த்தி, நான் வருவதற்குள் கை அரித்து நீயே ஆரம்பித்துவிடாதே. அந்த ஃபோல்டரில் சிஎஸ்சி என்று இரண்டு ஃபைல் இருக்கும். வெறும் சிஎஸ்சி போட்டால் போன் மொத்தமும் துடைத்துவிடும். ஹோம் சிஎஸ்சி போட்டால் ஆண்ட்ராய்டு மட்டும் புதிதாக ஏறும், படங்கள் அப்படியே இருக்கும். கடைக்காரர்கள் பெரும்பாலும் நேரம் பார்த்துத் துடைத்தே விடுவார்கள். நமக்கு அந்த அவசரம் இல்லை

முருகேசன் மாமா: நிச்சயமாக வருமா

பிரபு: உள்ளே மெமரியே போயிருந்தால் வராது மாமா. மென்பொருள் கோளாறு என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெரியப்பா, ஸ்டோரேஜ் ஃபுல் என்று காட்டியதா?

பெரியம்மா: ரொம்ப நாளாகக் காட்டியது. தள்ளிவிடுவேன்

லதா அத்தை: அண்ணே, மோதிரம் அரையோ முக்காலோ போகட்டும். அம்மா தாலாட்டு பாடினதை அதில்தானே ரெக்கார்ட் செய்தாய்

பெரியம்மா: ஆமாம்

லதா அத்தை: அது இருக்குமா பிரபு

பிரபு: இருக்கும் அத்தை, துடைக்காத வரை. யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாரா? எல்லோரும் அவரவர் போனில் தேடுங்கள். கூகுள் போட்டோஸில் படம் ஏறியிருக்கலாம், குரல் பதிவு அதில் ஏறாது

சித்தி: எனக்கு அனுப்பினார். இடம் இல்லை என்று போன வருஷம் அழித்தேன்

லதா அத்தை: நீ அழித்தாயா

சித்தி: எனக்கு என்ன தெரியும்

பிரபு: விடுங்கள். அந்தப் போனின் ஜிமெயில் யார் போட்டது? பாஸ்வேர்ட் வேண்டும். வேறு வழியே இல்லாமல் ரீசெட் செய்தாலும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து அப்படித்தான்

கார்த்தி: நான்தான் போட்டேன். பாஸ்வேர்ட் ஆச்சி பெயரும்

பிரபு: குரூப்பில் போடாதே!!

செல்வி அக்கா: தனியாக அனுப்பு கார்த்தி. படம் ஏறியிருக்கிறதா என்று அம்மா போனில் பார்க்கிறேன்

பிரபு: சரி அக்கா. சனிக்கிழமை காலையில் வருகிறேன். அதுவரைக்கும் சார்ஜரைக் கழற்றி வை, சூடு இறங்கட்டும். ஆண்ட்ராய்டு ஏற்றுவதற்கு முன்னால் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். கார்த்தி, கேபிள்?

கார்த்தி: இருக்கிறது. சார்ஜ் ஏறும், டேட்டா போகுமா தெரியாது

பிரபு: உன் போனை அதில் லேப்டாப்போடு சொருகிப் பார். படங்கள் இருக்கிற ஃபோல்டர் திறந்தால் சரி. சார்ஜ் மட்டும் ஏறினால் அது உதவாது

முருகேசன் மாமா: பெரியவர் மொய் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே

பெரியம்மா: படம் வரட்டும் மாப்பிள்ளை. முக்கால் என்று இருந்தால் முக்காலே செய்கிறேன்

சித்தி: வேன் ஐந்தா ஆறா? யாராவது ஒருவர் சொல்லுங்கள்

முருகேசன் மாமா: ஐந்தரை

லதா அத்தை: ஆறு