மெக்கன்சி சுவடிகள்: லட்சுமய்யாவின் விண்ணப்பம் ஏன் கல்கத்தா போனது?

கீழவாசல் மாணவன்:
வணக்கம். தென்னாட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய கம்பெனி நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 1821இல் இறந்தபின், அவருடைய தலைமை உதவியாளர் காவலி வெங்கட லட்சுமய்யா, ‘அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், உதவுங்கள்’ என்று அரசிடம் கேட்டிருக்கிறார். 1836இல் கீழைநாட்டு ஆய்வுச் சங்கமான கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டி ‘இந்த வேலை இவரால் ஆகாது’ என்று எழுதிவிட்டது. ஆள் சென்னைக்காரர். தென்மொழிச் சுவடிகளும் அப்போது சென்னைக்கு வந்துவிட்டன. அப்படியிருக்க, கல்கத்தாவில் இருந்த ஒரு சங்கம், அதுவும் அரசு அலுவலகமே அல்லாத ஒன்று, எப்படி நடுவில் வந்தது? அந்தக் காலத்துச் சங்கக் கடிதங்களைப் படித்தவர்கள் யாராவது விளக்குங்களேன்.

பழைய செக்‌ஷன்:
தம்பி, தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்த்தே தலை நரைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான் இந்தச் சங்கத்து நடவடிக்கைக் குறிப்புகளைப் படிப்பது. சரித்திரம் படித்தவர்கள் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். எனக்குத் தெரிவது தபால் போன பாதை மட்டும்.

முதலில், கம்பெனி ஆட்சிக்காக லண்டன் பார்லிமெண்ட் போட்ட 1833 சாசனச் சட்டத்தைப் பாருங்கள். அதன்பிறகு சென்னை அரசு தன்னிச்சையாக ஒரு புதிய பதவியை உருவாக்க முடியாது, ஒரு சம்பளமோ படியோ கொடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் கவர்னர் ஜெனரல் ஒப்புதல் வேண்டும். ஆகவே லட்சுமய்யாவின் விண்ணப்பம் செலவு வைக்கும் கோப்பாகிவிட்டது, கல்கத்தா போயே ஆக வேண்டும். அங்கே அது அரசுச் செயலர் மேசைக்கு வந்தது. அவர் என்ன செய்வார்? எந்தச் செயலரும் செய்வதைத்தான் செய்தார்: விவரம் அறிந்தவர்களிடம் கருத்துக் கேட்டு அனுப்பினார். சங்கம் அந்தக் காகிதத்தைத் தன் குழுவிடம் விட்டது. செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் அறிக்கை எழுதினார். இவ்வளவு பெரிய வேலையை நடத்த, கல்வெட்டையும் கதையையும் எடைபோட்டுப் பொதுவாகத் தொகுத்துப் பார்க்கும் தலைமை வேண்டும், லட்சுமய்யா அதற்குப் போதாது என்பது சாரம். இருக்கும் சுவடிகளை ஆராய பாதிரியார் வில்லியம் டெய்லர் பெயர் முன்வந்தது. அரசு அதை ஏற்றது. கோப்பு பைசல்.

கவனியுங்கள், இத்தனை கடிதத்திலும் சங்கம் பதில் எழுதியது அரசுக்கு. விண்ணப்பித்த மனிதரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டதாக நான் படித்ததில் இல்லை. கருத்துக் கேட்டு வந்த கோப்பில் அப்படித்தான் நடக்கும். யாரும் அவரிடம் நேரே மறுக்கவில்லை, எல்லோரும் மேலே அனுப்பினார்கள், அவ்வளவுதான். நானே அப்படி எத்தனையோ அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். 1828இல் அப்போதைய சங்கச் செயலாளர் வில்சன் வெளியிட்ட மெக்கன்சி தொகுப்பின் அட்டவணை இருக்கிறதே, அதை எடுத்துப் பாருங்கள். 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள் என்று கணக்குச் சொல்லும் அந்த வில்சனுக்குத் தென்னாட்டு மொழிகள் தெரியாது. மெக்கன்சியின் உதவியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த சுருக்கங்களை வைத்துத்தான் வேலை நடந்தது. சுருக்கம் எழுத அவர்கள் போதும், தலைமை தாங்க மட்டும் போதாது!

இன்னொன்று. 1835 மார்ச்சில்தான் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அரசு சமஸ்கிருத, அரபு நூல்களை அச்சிடும் செலவை நிறுத்தியது. மகாபாரதம் பாதி அச்சில் நின்றது. சங்கம் மனுமேல் மனு எழுதியது, கம்பெனியின் லண்டன் இயக்குநர் அவை வரை போனது, மாதம் 500 ரூபாய் வாங்கிய பிறகுதான் ஓய்ந்தது. தன் விண்ணப்பத்துக்கு அப்படி மல்லுக்கட்டிய அதே சங்கம்தான் இதையும் கையாண்டது.

வடமராட்சியான்:
ஐயா, பிரின்செப்பை ஒரேயடியாகக் குற்றம் சொல்வது சரியில்லை. அவருக்குச் சம்பள வேலை கல்கத்தா நாணயச்சாலையில். சங்கத்து வேலை மிச்ச நேரத்தில். உள்ளூர் ஆட்களை ஒதுக்கினவரும் அல்ல. பண்டிதர் கமலாகாந்தர் பக்கத்திலேயே இருந்தார். அசோகன் கல்வெட்டுகளைப் படிக்க எங்கள் இலங்கையைச் சேர்ந்த ரத்னபாலா உதவினார். அந்தக் கல்வெட்டுகளில் வரும் மன்னர் பியதசி என்பது அசோகன்தான் என்று 1837இல் எழுதியதும் இலங்கை சிவில் சேவையில் இருந்த ஜார்ஜ் டர்னர். கடிதம் வராவிட்டால் பிரின்செப்பே இல்லை.

பழைய செக்‌ஷன்:
நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் சரி. ஆனால் கமலாகாந்தரும் ரத்னபாலாவும் அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியவர்கள். லட்சுமய்யா தானே ஒரு சங்கம் வைத்து, அதன் தலைவராக எழுதியவர். சென்னையில் அவர் தொடங்கிய இந்து இலக்கியச் சங்கம் அது. உதவியாளராக இருந்தவர் சமமாக வந்து உட்கார நாற்காலி கேட்டால் எந்த ஆபீசிலும் முகம் மாறும். பிரின்செப் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 1838இல் உடம்பு கெட்டுக் கப்பலேறினார், 1840இல் போய்ச் சேர்ந்தார், வயது நாற்பதுதான். உழைத்தே தேய்ந்த மனிதர். உழைப்பாளி எழுதிய குறிப்பும் தவறாக இருக்கலாம், அதுதான் என் கட்சி.

கீழவாசல் மாணவன்:
இருவருக்கும் நன்றி. டெய்லருக்கு அந்த வேலை பொருந்தியதா? அறிக்கையை எங்கே பார்க்கலாம்?

பழைய செக்‌ஷன்:
டெய்லர் சோம்பேறி அல்ல. 1835லேயே மதுரை நாயக்கர் காலம் பற்றிய தமிழ்ச் சுவடிகளை மொழிபெயர்த்து இரண்டு தொகுதி போட்டவர். 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதி அட்டவணையும் அவர் பெயரில்தான் வந்தது. ஆனால் சேகரிப்பு? அது மெக்கன்சியோடு நின்றது நின்றதுதான். ஊர் ஊராகப் போய்ப் படியெடுக்க ஆள் வைக்கலாம் என்று லட்சுமய்யா கேட்டதற்கு டெய்லர் பதில் ஆக மாட்டார்.

கல்கத்தா சங்க இதழின் 1836ஆம் ஆண்டுத் தொகுதியை ஸ்கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளைத் தாண்டி, மாதாந்திரக் கூட்டக் குறிப்புக்குப் போங்கள். புதன்கிழமைக் கூட்டம், புதிய உறுப்பினர், வந்த புத்தகங்கள், மியூசியத்துக்கு யாரோ கொடுத்த எலும்பு என்று போகும். அதற்கு நடுவில் அரசுச் செயலர் கடிதம் வரும். பெயரைத் தேடும்போது ‘லெச்மியா’, ‘லச்மியா’ என்று பல எழுத்துக்கூட்டில் தேடுங்கள், ஒன்றில் கிடைக்கும்.